கேட்டலும் அறிவித்தலும்: கணினிகளின் தானியங்கு பிணைய அமைப்பு வரலாற்றில் மேகக் கணிமை ஏற்படுத்திய பொருள் மாற்றம் (1984–2021)

ஆய்வுச் சுருக்கம்

பிணையத்தில் இணையும் கணினி தன் முகவரியைத் தானாகவே பெறுவதற்கான நெறிமுறைகள் 1984 முதல் வளர்ந்து வந்துள்ளன. ஆர்.ஏ.ஆர்.பி., பூட்பி, டி.எச்.சி.பி. ஆகியவை இவ்வரிசையில் முதன்மையானவை. இவற்றுள் டி.எச்.சி.பி. இன்றும் மேகக் கணிமையின் மெய்நிகர்ப் பிணையங்களில் வழங்குகிறது. ஒரே நெறிமுறை தொடர்ந்து வழங்குவதால் அதன் பணியும் மாறாமல் தொடர்கிறது என்று கொள்ள இடமுண்டு. அக்கருத்தை இக்கட்டுரை மறுக்கிறது. முன்பு தேடலாகவும் ஒப்பந்தமாகவும் இருந்த உரையாடல், மேகத்தில் முன்பே முடிவான ஒன்றை அறிவிக்கும் செயலாக மாறியதை இது விளக்குகிறது. அருகில் உள்ளதை நம்பலாம் என்ற பழைய எடுகோள் இம்மாற்றத்திற்குப் பின்னும் நீங்காமல் தொடர்ந்ததையும், அதன் விளைவுகள் 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் வெளிப்பட்டதையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: டி.எச்.சி.பி., பூட்பி, மேகக் கணிமை, மெய்நிகர்ப் பிணையம், மீத்தரவுச் சேவை, பிணையப் பாதுகாப்பு

முன்னுரை

ஒரு கணினி பிணையத்தில் பிற கணினிகளுடன் தொடர்புகொள்ள வேண்டுமாயின் அதற்குச் சில செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். தன் இணைய நெறிமுறை முகவரி, தான் சார்ந்த துணைப்பிணையத்தின் எல்லை, வெளியே செல்வதற்கான திசைவியின் முகவரி, பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் வழங்கியின் முகவரி ஆகியவை அவற்றுள் இன்றியமையாதவை. தொடக்கக் காலத்தில் பணியாளர் ஒருவர் ஒவ்வொரு கணினியிலும் இவற்றைக் கையால் பதித்தார். கணினிகளின் எண்ணிக்கை பெருகியபோது இவ்வேலையைப் பிணையமே செய்ய வேண்டிய தேவை எழுந்தது.

தானியங்கு அமைப்பின் மையத்தில் ஒரு முரண் உள்ளது. முகவரியைக் கேட்பதற்குப் பிணையத்தில் பேச வேண்டும். பிணையத்தில் பேசுவதற்கு முகவரி வேண்டும். இம்முரணைத் தீர்த்த வழிகளின் வரலாறே இத்துறையின் வரலாறு எனலாம். ஒவ்வொரு தீர்விலும் ‘யார் கேட்கிறார், யார் விடையறிவார், அவ்விடையை ஏன் நம்ப வேண்டும்’ என்ற மூன்று வினாக்களுக்கும் உரிய விடைகள் அடங்கியுள்ளன. இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு இக்கட்டுரை அமைகிறது. இணைய நெறிமுறைகள் வெளியிடப்பெறும் ஆர்.எஃப்.சி. ஆவண வரிசையும், மேகச் சேவை நிறுவனங்களின் தொழில்நுட்ப ஆவணங்களும் இதற்கு அடிப்படைகளாகும்.

1. வட்டில்லாக் கணினியின் வினா

1980-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வகங்களிலும் வட்டில்லாப் பணிக்கணினிகள் புழக்கத்திற்கு வந்தன. வட்டு விலையுயர்ந்த பொருளாக இருந்தமையால், இக்கணினிகள் தம் இயக்க முறைமையைப் பிணையத்தின் வழியாகவே பெற்றன. சேமிப்பகம் இல்லாத கணினி தன் முகவரியை எழுதிவைத்துக்கொள்ள இயலாது. அதனிடம் நிலையாக இருந்தது ஈதர்நெட் அட்டையில் பொறிக்கப்பட்டிருந்த 48 இருமங்கள் கொண்ட வன்பொருள் முகவரி மட்டுமே.

இந்நிலையில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஸ் ஃபின்லேசன், டிமோத்தி மான், ஜெஃப்ரி மோகல், மார்வின் தைமர் ஆகியோர் 1984 ஜூனில் ஆர்.எஃப்.சி. 903 வழியாக ஆர்.ஏ.ஆர்.பி. நெறிமுறையை முன்வைத்தனர். 1982-இல் டேவிட் பிளம்மர் வெளியிட்ட ஏ.ஆர்.பி., இணைய முகவரியைக் கொண்டு வன்பொருள் முகவரியைக் கண்டறிய உதவியது. ஆர்.ஏ.ஆர்.பி. அதனைத் தலைகீழாக்கியது. கணினி தன் வன்பொருள் முகவரியைப் பிணையம் முழுவதற்கும் அறிவித்து, ‘இதற்குரிய இணைய முகவரி எது?’ என வினவியது. அட்டவணையை வைத்திருந்த வழங்கி விடையளித்தது.

இதற்கு இரு குறைகள் இருந்தன. முதலாவது, இவ்வினா ஈதர்நெட் அடுக்கிலேயே நிகழ்ந்ததால் திசைவியைக் கடக்கவில்லை; ஆகவே ஒவ்வொரு பிணையப் பகுதிக்கும் தனி வழங்கி தேவைப்பட்டது. இரண்டாவது, விடையில் முகவரி மட்டுமே இருந்தது. கணினிக்குத் தேவையான பிற செய்திகள் இல்லை.

இவற்றைக் களையும் நோக்கில் ஸ்டான்ஃபோர்டின் பில் கிராஃப்டும் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஜான் கில்மோரும் 1985 செப்டம்பரில் ஆர்.எஃப்.சி. 951 வழியாகப் பூட்பி நெறிமுறையை வெளியிட்டனர். இது யு.டி.பி. நெறிமுறையின் மேல் இயங்கியது. வழங்கிக்கு 67, கேட்கும் கணினிக்கு 68 எனத் துறை எண்கள் வகுக்கப்பட்டன. முகவரியில்லாக் கணினி தன் முகவரியாக 0.0.0.0 என்பதையும், பெறுநர் முகவரியாக அனைவரையும் சுட்டும் 255.255.255.255 என்பதையும் இட்டு அனுப்பியது. முன்னுரையில் சுட்டிய முரணுக்கு இது எளிய தீர்வாக அமைந்தது. இடையிலுள்ள திசைவி அவ்வேண்டுகோளை வேறொரு பிணையத்திலுள்ள வழங்கிக்கு எடுத்துச் செல்லவும் வழி செய்யப்பட்டது. தொடக்க நிரல் கோப்பின் பெயரும் விடையில் இடம்பெற்றது.

பூட்பியின் அட்டவணையை மனிதரே எழுதினார். எந்த வன்பொருள் முகவரிக்கு எந்த இணைய முகவரி என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருந்தது. மேகக் கணிமையைப் பற்றிய பகுதியில் இக்கூறு மீண்டும் தேவைப்படும்.

2. குத்தகையும் ஒப்பந்தமும்

1990-களின் தொடக்கத்தில் சூழல் மாறியது. தனிநபர்க் கணினிகள் அலுவலகங்களில் பெருகின. மடிக்கணினிகள் இடம்விட்டு இடம் பெயர்ந்தன. எந்தக் கணினி எப்போது எங்கே இணையும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க இயலாமல் போயிற்று. முகவரிகளும் பெருகிவரும் கணினிகளுக்குப் போதாமல் போகும் என்ற அச்சமும் எழுந்தது.

பக்னெல் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் ட்ராம்ஸ் தொகுத்த டி.எச்.சி.பி. நெறிமுறை 1993 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 1531 ஆக வெளிவந்தது. அதே மாதத்தில் ஆர்.எஃப்.சி. 1541 அதற்கு மாற்றாக வந்தது. 1997 மார்ச்சில் வெளியான ஆர்.எஃப்.சி. 2131 இதன் நிலைபெற்ற வடிவமாகும். பூட்பியின் பொதி வடிவத்தையும் துறை எண்களையும் டி.எச்.சி.பி. அப்படியே ஏற்றுக்கொண்டது. இதனால் ஏற்கெனவே திசைவிகளில் இருந்த இடைக்கடத்தல் வசதிகள் பயனற்றுப் போகவில்லை.

டி.எச்.சி.பி.யின் புதுமை ‘குத்தகை’ என்ற கருத்தில் உள்ளது. முகவரி கணினிக்கு உரிமையாகாது. குறிப்பிட்ட காலத்திற்கு மட்டுமே வழங்கப்படும். குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததும் கணினி அதனைப் புதுப்பிக்க முயலும். அம்முயற்சி பலிக்காவிடில், எட்டில் ஏழு பங்கு கழிந்ததும் எந்த வழங்கியிடமாவது புதுப்பிக்க முயலும். காலம் முடிந்தும் புதுப்பிக்கப்படாத முகவரி பொதுத் தொகுப்பிற்குத் திரும்பும்.

நான்கு செய்திகளாக நிகழும் அதன் உரையாடலும் இக்கருத்திற்கு ஏற்ப அமைந்தது. கணினி வழங்கிகளைத் தேடுகிறது. வழங்கிகள் தத்தம் முகவரிகளை முன்மொழிகின்றன. கணினி அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து வேண்டுகிறது. உரிய வழங்கி அதனை உறுதி செய்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வழங்கிகள் இருக்கலாம் என்பதையும், கணினிக்குத் தேர்வுரிமை உண்டு என்பதையும் இவ்வமைப்பு முன்னிறுத்துகிறது. உரையாடல் தொடங்கும் முன் கணினியின் முகவரி யாருக்கும் தெரியாமலிருக்கலாம். உரையாடலின் விளைவாகவே அது முடிவாகிறது. இப்பொருளில் டி.எச்.சி.பி. ஓர் ஒப்பந்தச் செயல்பாடாகும்.

விடையை ஏன் நம்ப வேண்டும் என்ற வினாவிற்கு இந்நெறிமுறையிடம் வலுவான விடை இல்லை. ஒரே பிணையப் பகுதியிலுள்ள எந்தக் கணினியும் வழங்கியாக நடித்துப் பொய்யான திசைவி முகவரியைத் தர முடியும். தற்போதைய வடிவில் இந்நெறிமுறை பாதுகாப்புக் குறைந்தது என்பதை ஆர்.எஃப்.சி. 2131 தானே ஒப்புக்கொள்கிறது. 2001 ஜூனில் வெளியான ஆர்.எஃப்.சி. 3118 செய்திகளைச் சரிபார்க்கும் முறையொன்றை வகுத்தது. எனினும் அது பரவலாகக் கைக்கொள்ளப்படவில்லை. முன்பின் அறிமுகமில்லாக் கணினிக்கு மறைச்சாவி ஒன்றை முன்கூட்டியே கொடுத்துவைக்க வேண்டுமாயின், கைப்பணியைத் தவிர்ப்பதற்காகத் தோன்றிய நெறிமுறையின் நோக்கமே குலைந்துவிடும். ஆகவே, ‘அருகில் இருப்பவர் நம்மவர்’ என்ற எடுகோளே நடைமுறையில் நீடித்தது.

3. விடை கிடைக்காதபோது

வழங்கியே இல்லாத இடத்தில் கணினி என்ன செய்யும் என்ற வினாவும் இக்காலத்தில் எழுந்தது. 1998-இல் வெளிவந்த விண்டோஸ் 98, மேக் ஓ.எஸ். 8.5 ஆகியவை 169.254 எனத் தொடங்கும் முகவரித் தொகுதியிலிருந்து ஒன்றைக் கணினியே தேர்ந்துகொள்ளும் வசதியைக் கொண்டிருந்தன. ஸ்டூவர்ட் செஷையர், பெர்னார்ட் அபோபா, எரிக் குட்மன் ஆகியோர் எழுதி 2005 மே மாதம் வெளியான ஆர்.எஃப்.சி. 3927 இம்முறைக்கு வரையறை தந்தது. இம்முகவரிகள் ஒரே இணைப்பிற்குள் மட்டுமே செல்லுபடியாகும். திசைவிகள் இவற்றைக் கடத்தக் கூடாது. இவற்றைக் கையாலோ டி.எச்.சி.பி. வழியாகவோ வழங்கலாகாது என்றும் அவ்வாவணம் அறிவுறுத்தியது.

ஐ.பி.வி6 நெறிமுறை இத்தன்னுரிமையை மேலும் விரிவாக்கியது. 1996-இல் ஆர்.எஃப்.சி. 1971 ஆகத் தொடங்கி 2007-இல் ஆர்.எஃப்.சி. 4862 ஆக நிலைபெற்ற முறையில், திசைவி முகவரியின் முன்பகுதியை அறிவிக்கிறது. பின்பகுதியைக் கணினி தானே அமைத்துக்கொள்கிறது. எவரும் அட்டவணை வைத்திருக்கத் தேவையில்லை. மையக் கட்டுப்பாடின்றித் தன்னைத் தானே அமைத்துக்கொள்ளும் கணினி என்ற கருத்து இங்கு உச்சம் பெற்றது. அடுத்து வந்த மேகக் கணிமை இதற்கு நேர்மாறான திசையில் சென்றது.

4. மேகத்தில் வினாவின் பொருள் மாற்றம்

அமேசான் நிறுவனம் 2006 ஆகஸ்டில் ஈ.சி.2 சேவையைச் சோதனை நிலையில் வெளியிட்டது. வாடிக்கையாளர் தமக்கெனத் தனி மெய்நிகர்ப் பிணையம் அமைத்துக்கொள்ளும் வி.பி.சி. சேவை 2009 ஆகஸ்டில் வந்தது. இத்தகைய சூழலில் கணினி என்பது ஒரு பெருங்கணினியின் மேல் ஹைப்பர்வைசர் எனும் மேலாண்மை மென்பொருள் உருவாக்கும் மெய்நிகர் வடிவமாகும். அதன் பிணைய இடைமுகமும் மெய்நிகரானதே.

வி.பி.சி.யில் முகவரி எப்போது முடிவாகிறது என்பதே முதன்மையான வினா. பிணைய இடைமுகம் உருவாக்கப்படும்போதே அதற்குரிய தனிமுகவரி மையத் தரவுத்தளத்தில் பதிவாகிவிடுகிறது. கணினி அப்போது இயங்கத் தொடங்கியே இருக்காது. பின்னர் அது இயங்கி டி.எச்.சி.பி. வழியாக வினவும்போது, முன்பே பதிவான முகவரியே விடையாக வருகிறது. குத்தகையை எத்தனை முறை புதுப்பித்தாலும் முதன்மைத் தனிமுகவரி மாறுவதில்லை.

அனைவருக்கும் செய்தி பரப்பும் வசதியும் வி.பி.சி.யில் இல்லை. கணினி அனைவரையும் நோக்கிக் குரலெழுப்புவதாகக் கருதினும், அவ்வினா பிற வாடிக்கையாளர்களின் கணினிகளை எட்டுவதில்லை. தளமே அதற்கு விடையளிக்கிறது. துணைப்பிணையம் ஒவ்வொன்றிலும் ஐந்து முகவரிகளைத் தளம் தனக்கென ஒதுக்கிக்கொள்கிறது. 256 முகவரிகள் கொண்ட துணைப்பிணையத்தில் 251 மட்டுமே பயன்பாட்டிற்குக் கிடைக்கின்றன. பரப்பல் வசதி இல்லாதபோதும் பரப்பலுக்குரிய இறுதி முகவரி ஒதுக்கியே வைக்கப்பட்டிருக்கிறது. பழைய பிணையத்தின் வடிவம் அதன் பயன் நீங்கிய பின்னும் பேணப்படுவதற்கு இது நல்ல சான்று.

கூகுள் நிறுவனத்தின் மேகம் இன்னும் ஒரு படி முன்செல்கிறது. அங்கு டி.எச்.சி.பி. தரும் விடையில் நெட்மாஸ்க் 32 இருமங்களாக அமைகிறது. அதாவது, தன்னைத் தவிர வேறு எவரும் தன் பிணையப் பகுதியில் இல்லை என்று கணினிக்குச் சொல்லப்படுகிறது; ஒவ்வொரு பொதியும் தளத்தின் திசைவியை நோக்கியே செல்கிறது. மெய்நிகர் இடைமுகத்தின் வன்பொருள் முகவரியோ இணைய முகவரியிலிருந்து ஆக்கப்படுகிறது. 1984-இல் வன்பொருள் முகவரி மாறாத அடையாளமாகவும் இணைய முகவரி அதன்வழி அறியப்படுவதாகவும் இருந்தன. இங்கு அவ்வுறவு முற்றிலும் தலைகீழாகியுள்ளது.

திறந்த மூல மென்பொருளான ஓப்பன்ஸ்டாக்கின் நியூட்ரான் பகுதியிலும் இப்போக்கைக் காணலாம். மெய்நிகர்ப் பிணையங்களுக்கு டி.என்.எஸ்.மாஸ்க் என்னும் சிறு வழங்கியை அது இயக்குகிறது. எந்த வன்பொருள் முகவரிக்கு எந்த இணைய முகவரி என்ற பட்டியலைத் தரவுத்தளத்திலிருந்து எழுதித் தருகிறது. பூட்பியின் அட்டவணையே இங்கு மீண்டும் வந்துள்ளது. அதை எழுதுபவர் மட்டுமே மாறியிருக்கிறார். டி.எச்.சி.பி. என்ற பெயரில் நடப்பது, செயலளவில் பூட்பிக்கே நெருக்கமானது.

கணினி தன் முகவரியைத் தானே மாற்றிக்கொண்டால் என்ன ஆகும்? அமேசானின் தளம் மூல முகவரியைச் சரிபார்க்கிறது. நியூட்ரானிலும் அத்தகைய தடுப்பு உண்டு. பதிவுக்கு முரணான முகவரியிலிருந்து வரும் பொதிகள் கைவிடப்படுகின்றன. எனவே, கணினிக்குள் இருக்கும் முகவரி ஒரு படியே. மூலம் தளத்தின் பதிவேட்டில் உள்ளது. அமேசானின் பிணையங்களில் ஐ.பி.வி6 முகவரிகளும் தளத்தால் ஒதுக்கப்பட்டு டி.எச்.சி.பி.யின் ஆறாம் பதிப்பு வழியாகவே அறிவிக்கப்படுகின்றன. கணினி தானே முகவரி அமைத்துக்கொள்ளும் உரிமைக்கு அங்கு இடமில்லை.

விடை முன்பே தெரிந்திருக்க வினா எதற்கு என்ற ஐயம் இங்கு எழலாம். இதற்கான காரணம் 1984-ஆம் ஆண்டின் சூழலோடு ஒப்பிடத் தக்கது. அன்றைய பணிக்கணினிக்கு வட்டு இல்லை. ஆகவே அது தன் அடையாளத்தைச் சேமிக்க இயலவில்லை. இன்றைய மெய்நிகர்க் கணினிக்கு வட்டு உண்டு; ஆனால் ஒரே வட்டுப் படிமம் ஆயிரக்கணக்கான கணினிகளுக்குப் படியெடுக்கப்படுகிறது. ஆகவே அதில் எந்த ஒரு கணினியின் அடையாளத்தையும் எழுதிவைக்கக் கூடாது. ஒன்று இயலாமை, மற்றொன்று விலக்கு. இரண்டும் தன்னை அறியாமல் விழித்தெழும் கணினியையே உருவாக்குகின்றன. இயக்க முறைமைகள் அனைத்தும் டி.எச்.சி.பி.யை ஏற்கெனவே அறிந்திருந்தமையால், அவற்றை மாற்றாமலேயே மேகத்திற்குக் கொண்டுவர இவ்வினா வடிவம் உதவியது.

5. மீத்தரவுச் சேவை

முகவரி மட்டும் மேகக் கணினிக்குப் போதவில்லை. உட்புகுவதற்கான பொதுச்சாவி, தொடக்கத்தில் இயக்க வேண்டிய நிரல், கூடுதல் முகவரிகள் ஆகியவையும் தேவைப்பட்டன. டி.எச்.சி.பி.யின் விருப்பப் புலம் ஒவ்வொன்றின் நீளமும் ஓர் எண்மத்தில் குறிக்கப்படுவதால் 255 எண்மங்களுக்கு மேல் அதில் இடமில்லை. ஆகவே அமேசான் 169.254.169.254 என்ற முகவரியில் எச்.டி.டி.பி. வழியாக விடையளிக்கும் மீத்தரவுச் சேவையை அமைத்தது. கூகுள், மைக்ரோசாஃப்ட் அஸூர், ஓப்பன்ஸ்டாக் ஆகியவையும் இதே முகவரியைப் பின்பற்றின.

வழங்கி இல்லாத இடத்தில் கணினி தானே அமைத்துக்கொள்வதற்கென ஒதுக்கப்பட்ட தொகுதியிலிருந்து, எங்கும் நிறைந்த வழங்கி ஒன்றிற்கு முகவரி எடுக்கப்பட்டது. இம்முகவரிகளைத் திசைவிகள் கடத்தா என்ற விதியே இத்தேர்வைப் பொருத்தமாக்கியது: வெளியிலிருந்து எவரும் இதனை நேரடியாக அணுக இயலாது, எந்த வாடிக்கையாளரின் முகவரியோடும் மோதாது.

உபுண்டு இயக்க முறைமைக்காகக் கனோனிக்கல் நிறுவனத்தில் உருவாகிப் பின் பரவலான கிளவுட்-இனிட் மென்பொருள், இரு படிகளையும் இணைக்கிறது. அது முதலில் டி.எச்.சி.பி. வழியாகத் தற்காலிக முகவரி ஒன்றைப் பெற்று, மீத்தரவுச் சேவையை அணுகி, அங்குக் கிடைக்கும் விவரங்களைக் கொண்டு பிணையத்தை முறையாக அமைக்க வல்லது. அமேசானில் இரண்டாம் நிலைத் தனிமுகவரிகளை டி.எச்.சி.பி. அறிவிப்பதில்லை, அவற்றை மீத்தரவிலிருந்தே அறிய வேண்டும். இவ்வாறு டி.எச்.சி.பி. வாயிற்படியாகவும் மீத்தரவுச் சேவை அகமாகவும் ஆயின.

2012 ஜூனில் அமேசான் இச்சேவையின் வழியாகத் தற்காலிக அணுகல் சாவிகளையும் வழங்கத் தொடங்கியது. கணினிக்கு ஒதுக்கப்பட்ட பணிநிலைக்குரிய உரிமைகளை அச்சாவிகள் கொண்டிருந்தன. கடவுச்சொற்களை நிரலில் எழுதிவைக்கும் தீய வழக்கத்தை இது குறைத்தது. அதே வேளையில், ‘நான் யார்?’ என்ற எளிய வினாவின் விடையில் கருவூலத்தின் திறவுகோலும் சேர்ந்தது.

6. அருகமை நம்பிக்கையின் விலை

மேகத்தளம் பழைய சிக்கல் ஒன்றைப் பெருமளவு தீர்த்தது என்பதை மறுக்க இயலாது. அக்கம்பக்கக் கணினி வழங்கியாக நடிப்பதற்கான வாய்ப்பைத் தளத்தின் தடுப்புகள் வெகுவாகக் குறைத்தன. எனினும் மீத்தரவுச் சேவையின் முதல் வடிவத்தில், வேண்டுகோள் கணினிக்குள்ளிருந்து வந்தால் அதுவே போதுமான சான்றாகக் கொள்ளப்பட்டது. பிணையப் பகுதியின் எல்லை கணினியின் எல்லையாகச் சுருங்கியது; அருகமையே அடையாளம் என்ற எடுகோள் மாறவில்லை.

கணினிக்குள் இயங்கும் நிரல் ஒன்று வெளியாரின் சொற்படி வேண்டுகோள் அனுப்புமாயின் இவ்வெடுகோள் தகர்ந்துவிடும். அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கி 2019 ஜூலையில் அறிவித்த தரவுக்கசிவு இவ்வகையினது. தவறாக அமைக்கப்பட்ட தடுப்பரண் மென்பொருள் ஒன்றின் வழியாக வெளியார் ஒருவர் பணிநிலைக்குரிய அணுகல் சாவிகளைப் பெற்றார். அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேரும் கனடாவில் சுமார் 60 இலட்சம் பேரும் இதனால் பாதிக்கப்பட்டனர். அமெரிக்க வங்கிக் கண்காணிப்பு அலுவலகம் 2020 ஆகஸ்டில் அவ்வங்கிக்கு 8 கோடி டாலர் தண்டம் விதித்தது. கடன் அட்டைக்கு விண்ணப்பித்தவர்கள் இந்த நான்கு எண்களாலான முகவரியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

2019 நவம்பரில் அமேசான் மீத்தரவுச் சேவையின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. அதில் முதலில் தனிவகை வேண்டுகோள் ஒன்றின் வழியாக அடையாள வில்லை பெற வேண்டும்; அவ்வில்லையைக் காட்டினாலே விடை கிடைக்கும். இடையாள் வழியாக வந்ததைக் காட்டும் தலைப்புக் கொண்ட வேண்டுகோள் மறுக்கப்படும். வில்லையைத் தாங்கிவரும் பொதி இயல்பாக ஒரு தாவலுக்கு மேல் செல்லாதவாறும் வரம்பு இடப்பட்டது. கூகுளும் மைக்ரோசாஃப்டும் தனித்தலைப்பு ஒன்றைக் கட்டாயமாக்கியுள்ளன. அருகில் இருப்பதாகச் சொல்வதை ஏற்பதற்கு மாறாக, அருகமையை மெய்ப்பிக்குமாறு கேட்கும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு டி.எச்.சி.பி.யின் பக்கத்திலும் இதே பிளவைக் காட்டியது. சில பிணையச் சூழல்களில், கூகுள் மேகத்திலுள்ள கணினிக்குப் பொய்யான டி.எச்.சி.பி. விடைகளைப் பெருமளவில் அனுப்பி, மீத்தரவு வழங்கியின் பெயர் தாக்குபவரின் முகவரியைச் சுட்டுமாறு செய்ய இயலும் என்பது அதன் முடிவு. வினா எண்ணைக் கணித்துவிட முடிந்தமை இதற்கு வாய்ப்பளித்தது. அக்கணிப்பிற்கு வன்பொருள் முகவரி ஓர் உள்ளீடாக இருந்தது. அதுவோ இணைய முகவரியிலிருந்தே அறியத்தக்கது. தளம் விடையை முன்பே அறிந்திருந்தும், கணினி இன்னும் கேட்பதாகவே நடந்துகொண்டது. கேட்பவருக்கு யாரும் விடை சொல்லலாம் என்ற பழைய இடைவெளி அதனால் திறந்தே கிடந்தது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, டி.எச்.சி.பி.யின் பொதி வடிவமும் துறை எண்களும் 1985-ஆம் ஆண்டின் பூட்பியிலிருந்து மேகம் வரை தொடர்கின்றன. அத்தொடர்ச்சி வடிவத்திற்கு உரியது, பணிக்கு உரியதன்று. தேடலும் தேர்வும் குத்தகையும் மேகத்தில் உள்ளடக்கம் இழந்து, அறிவித்தலின் சடங்குகளாக எஞ்சியுள்ளன. தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர் பெயரின் தொடர்ச்சியைப் பொருளின் தொடர்ச்சியாகக் கொள்ளலாகாது.

இரண்டாவதாக, முகவரி பற்றிய அறிவு கணினியிலிருந்தும் பிணையத்தின் உரையாடலிலிருந்தும் விலகித் தளத்தின் பதிவேட்டிற்கு இடம்பெயர்ந்தது. இதனால் ஒழுங்கும் பாதுகாப்பும் கூடின. கணினியின் தன்னுரிமை குறைந்தது.

மூன்றாவதாக, அதிகாரம் இடம்பெயர்ந்த வேகத்தில் நம்பிக்கையின் அடிப்படை இடம்பெயரவில்லை. ஓர் ஆய்வகத்தின் ஈதர்நெட் கம்பியில் ஒருவரையொருவர் அறிந்தோரிடையே பிறந்த எடுகோள், கோடிக்கணக்கானோரின் தரவைக் காக்கும் இடத்திலும் நெடுங்காலம் ஆய்வுக்கு உட்படாமல் நின்றது. கொள்கலன்களும் அவற்றுக்கான பிணையங்களும் இதே வினா-விடை வடிவங்களை மரபாகப் பெற்று வருகின்றன. அவற்றுள் எவையெல்லாம் கேட்பவரின் அடையாளத்தைச் சரிபார்க்கின்றன, எவை அருகமையை மட்டுமே சான்றாகக் கொள்கின்றன என்பது விரிவான ஆய்வுக்குரிய களமாகும்.